கொம்பு எங்கே நிற்க வேண்டும்?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

"இது கணினி யுகம்" என்று நம் கல்லூரி விழாக்களில் முழங்காதவர் இல்லை. அந்த விழாவை அறிவிக்கும் பதாகையில் தமிழ் எழுத்து ஒழுங்காக நிற்கிறதா என்று நின்று பார்த்தவர் மிகச் சிலரே. திசையன்விளைக் கடைத்தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள். காதணி விழா, கோயில் கொடை, கண்ணீர் அஞ்சலி என எத்தனை பதாகைகள்! வண்ணத்துக்கும் முகங்களுக்கும் பஞ்சமில்லை. எழுத்துதான் ஒடுங்கி ஒரு மூலையில் கிடக்கிறது.

இதைக் குறை சொல்ல நான் யார்? நானும் அந்தக் குற்றத்தில் பங்காளிதான். மாலை வேளைகளில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் தேர்வுக் கட்டணமும் புத்தகச் செலவும் அந்தக் கூலியில்தான் நடக்கின்றன. என் தந்தையோ சுவரிலும் தகரப் பலகையிலும் எழுத்து எழுதியவர். ஃபிளெக்ஸ் வந்தபின் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு வெள்ளையடிக்கப் போகிறார். அவர் தொழிலை விழுங்கிய இயந்திரம் என்னைப் படிக்க வைக்கிறது. யாரைக் கோபிப்பது?

சென்ற ஆண்டு ஓர் இரவு பதினொரு மணிக்கு ஒருவர் துட்டி வீட்டிலிருந்து வந்தார். விடிவதற்குள் அஞ்சலிப் பதாகை வேண்டும். செல்பேசியில் வந்த வாசகத்தை எடுத்து அப்படியே மென்பொருளில் ஒட்டினேன். இறந்த அம்மையார் பெயர் 'பொ' என்று தொடங்கும். அச்சாகி வந்தபோது கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. தூக்கக் கலக்கத்தில் நான் கவனிக்கவில்லை. காலையில் அவர் திரும்பி வந்தார். சண்டை போடவில்லை. "எங்க அம்மை பேரையாவது ஒழுங்கா அடிச்சிருக்கக் கூடாதா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? செல்பேசி யூனிகோடு முறையில் எழுதுகிறது. 1991 முதல் அதில் தமிழுக்கு இடமுண்டு. தமிழக அரசும் 2010இல் அதை ஏற்றது. அம்முறையில் 'பொ' என்பது பகரம், அதன்பின் ஒகரக் குறி என்றே பதிவாகும். கொம்பை இடப்புறமும் காலை வலப்புறமும் பிரித்து நிறுத்துவது மென்பொருளின் கடமை. கடைகளில் உள்ள பழைய பதிப்புகள் பலவற்றுக்கு அது தெரியாது. அங்கே பழைய எழுத்துருக்களில் கொம்பை முதலில் தட்டி, பிறகு பகரத்தையும் காலையும் தட்ட வேண்டும், கையால் எழுதுவது போல. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போதுதான் விபத்து.

செல்பேசியில் கிடைக்கும் ஆயத்த வடிவங்களின் கதை வேறு. அவை ஆங்கிலத்துக்கென்றே வெட்டிய சட்டைகள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தைப் போட்டு அழுத்தம் கொடுப்பார்கள். தமிழில் பெரிய எழுத்தேது? நமக்கு மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் உண்டு. வரிக்கு வரி கூடுதல் இடம் வேண்டும். அது கிடைக்காதபோது மேல்வரியின் சுழி கீழ்வரியின் புள்ளியை மிதிக்கிறது.

அப்பா பலகை எழுதுமுன் நூலில் பொடி தடவி அடித்துக் கோடு போடுவார். எழுத்துகளை எண்ணி, கொம்புக்கும் காலுக்கும் தனியே இடம் ஒதுக்கிச் சாக்குக்கட்டியால் வரைவார். பிறகு தூரிகையை வைத்துவிட்டுச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நிற்பார். சிறுவயதில் என்னையும் விரட்டுவார்: "ஏலே, அந்தப் பக்கம் போய் நின்னு வாசில." நாங்கள் திரையை ஒரு முழ தூரத்தில் பார்த்து முடித்துவிடுகிறோம், படிக்கப்போகிறவரோ ஓடும் பஸ்ஸில் இருக்கிறார். நான் கற்ற எந்த மென்பொருளிலும் சாலையைக் கடக்கும் பொத்தான் இல்லை.

நம் தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில், 1586இல், 'அடியார் வரலாறு' என்னும் நூலைத் தமிழில் அச்சிட்டார்கள். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கோத்த காலம் அது. அந்த ஆற்றங்கரைப் பிள்ளைகள் நாம், இலவசமாகக் கிடைக்கும் நல்ல யூனிகோடு எழுத்துருவைக்கூடத் தேடாமல் இருக்கிறோமே! இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீஸ் உருவாக்கிய 'பவனம்', 'கவிவனார்' போன்றவை எவரும் எடுத்துக்கொள்ளக் காத்திருக்கின்றன. "படம் பளிச்சென்று இருந்தால் போதும், எழுத்தை யார் பார்க்கிறார்கள்?" என்று வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். தன் பெயர் உடைந்து நிற்கும்போது அவரும் பார்ப்பார்.

தமிழ்த்துறைப் பேராசிரியர்களுக்கும் கணினி அறிவியல் துறையினருக்கும் என் வேண்டுகோள் ஒன்று. வரும் ஆண்டு விழாப் பதாகையைக் கடையில் கொடுத்துவிட்டு மறந்துவிட வேண்டாம். மாணவர்களே அமைக்கட்டும்; தமிழாசிரியர் ஒருவர் எழுத்தெழுத்தாகப் பார்க்கட்டும். மாதிரியை நூலக வாசலில் ஒட்டி, எதிரே மரத்தடியில் நின்று படித்துப் பார்த்த பிறகு அச்சுக்கு அனுப்பலாம். அன்றைக்கு அப்பாவை அழைத்து வர எண்ணியிருக்கிறேன். அவர் இதுவரை நம் கல்லூரிக்குள் வந்ததில்லை. "நான் எதுக்குல அங்க?" என்றுதான் முதலில் சொல்வார்.