ஒரே செக்கின் நகல்கள்

இணையத்தில் அகப்பட்டதை ஆராய்ச்சி என்று அச்சேற்றும் பழக்கம் சிறுபத்திரிகைக்குள்ளும் நுழைந்தாயிற்று. பல்கலைக்கழகத் தமிழை இதே குற்றத்துக்காகக் கிண்டல் செய்து வளர்ந்தவர்கள் நாம்.

மெக்காலேயை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலக் கல்வியைத் திட்டப் புறப்படுகிற எவரும், 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் அவர் பேசியதாக ஒரு பேச்சைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். இந்தியா முழுக்கச் சுற்றினேன், ஒரு பிச்சைக்காரனைக் காணோம், ஒரு திருடனைக் காணோம், ஆகவே இதன் முதுகெலும்பை முறிக்கவேண்டும் என்கிற ரீதியில் போகும் அது. மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் கப்பலிறங்கியவர். உதகை போய் பென்டிங்கைப் பார்த்தார், பிறகு கல்கத்தா. அவருடைய பிரசித்தமான கல்விக் குறிப்பின் தேதியே அந்த பிப்ரவரி 2தான். மாதக்கணக்கில் கப்பலேற வேண்டிய லண்டனில் அதே தினம் அவர் எப்படிப் பேசினார்? தேதியைப் பார்த்த மாத்திரத்தில் எழவேண்டிய கேள்வி இது. எழவில்லை. இத்தனைக்கும் நம் இலக்கியம் மொத்தமும் ஐரோப்பிய நூலகத்தின் ஓர் அலமாரிக்கு ஈடில்லை என்று அசல் குறிப்பிலேயே இருக்கிறது. கோபப்பட அது போதாதா?

நூறு இடத்தில் இருக்கிறதே என்பார்கள். ஒரு செக்கை நூறு ஜெராக்ஸ் எடுத்து வந்தால் எந்தக் கவுண்டரிலும் நூறு மடங்கு பணம் தரமாட்டார்கள். 1887இல் சிந்தாமணியை அச்சிடுமுன் உ.வே.சா. ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கியது வேலையில்லாமல் அல்ல.

பாரதியை யானை கொன்றது என்பதும் இப்படித்தான் உலவுகிறது. யானை தள்ளிய பிறகு தேறி, ஈரோடு கருங்கல்பாளையம் வரை போய்ப் பேசினார் மனிதர். 1921 செப்டம்பரில் அவரைக் கொண்டுபோனது வயிற்றுக்கடுப்பு. செல்லம்மா பாரதியோ ரா.அ. பத்மநாபனோ எழுதியதைப் புரட்ட ஒரு மணி நேரம் ஆகுமா?

திட்டக்குடியில் உட்கார்ந்துகொண்டு ரோஜா முத்தையா நூலகத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நியாயம். ஆனால் மெக்காலேயின் குறிப்பு முழுசாக அதே செல்போனில் கிடைக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் யார் தட்டச்சு செய்தது, யார் மெய்ப்பு பார்த்தது என்று பெயர் போடுகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படமாகவே பார்க்கலாம். இணையத்தைப் பழிக்க எனக்கு உத்தேசமில்லை. அங்கே கூடப் படிப்பதில்லை என்பதுதான் புகார். இப்போது கேட்டதும் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு வேறு; இல்லாத நூலுக்கும் கூசாமல் பதிப்பாண்டு போட்டுத் தருகிறது.

மேற்கோள் என்றால் நூல், பதிப்பு, பக்கம் மூன்றும் கேட்கட்டும் இப்பத்திரிகை. இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்பட்டும். பக்கம் குறைந்தால் கவிதை போட்டுக்கொள்ளலாம்.