புகை மேலைதானே போகும்?

கனடாவுக்கு வந்த புதிதில் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற் அறையில் குடியிருந்தேன். குசினி வாசலுக்கு மேலே ஒரு புகை அலாரம் இருந்தது. குளிக்கும்போது தலை நனையாமல் போடுகிற பிளாஸ்ரிக் தொப்பியை அதற்கு மாட்டி, றப்பர் வளையமும் போட்டு இறுக்கியிருந்தார்கள். கடுகு தாளித்தாலே கத்துகிறதாம். எண்ணெய்ப் பிசுக்கில் தொப்பி மஞ்சளாகியிருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"புகை மேலைதானே தம்பி போகும்? மேலை எங்கடை ஹோலிலை ஒண்டு கிடக்கு. அது அடிக்கும். யோசிக்காமல் படும்."

கெட்ட மனிதர் அல்ல. வாடகை பிந்தினாலும் முகம் கோணாதவர். அவர் சொன்னதை நானும் நம்பினேன். இன்றைக்கும் எங்கள் ஆட்களில் பலர் இதைத்தான் நம்புகிறார்கள்.

புகை மேலேதான் போகும், சரி. எந்த வழியால்? பேஸ்மென்றில் பிடித்த தீயின் புகைக்குப் புகைபோக்கி மாடிப்படிதான். கீழே படுத்திருப்பவருக்கு வெளியே போகும் வழியும் பெரும்பாலும் அதே படிதான். மேல்வீட்டு அலாரம் அடிக்கத் தொடங்கும்போது அந்தப் படி முழுக்கப் புகையாக இருக்கும். படியின் உச்சியில் கதவு பூட்டியிருந்தால் அதுவும் இன்னும் பிந்தும். தீ மேல்வீட்டில் பிடித்தாலோ, கீழே இருப்பவருக்குத்தான் கடைசியாகத் தெரியவரும்.

"சத்தம் கேட்குந்தானே" என்பார்கள். இந்த அலாரங்கள் 3 மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 85 டெசிபெல் சத்தம் போடும். நித்திரையில் இருப்பவரை எழுப்பத் தலையணையடியில் 75 டெசிபெல்லாவது வேண்டும் என்பது கணக்கு. இடையில் இரண்டு பூட்டிய கதவுகளும் ஒரு தளமும் வந்தால் மிஞ்சுவது என்ன? வாடகைக்காரர் டிவி பார்க்கிற சத்தம் மேலே வரக்கூடாது என்று கூரைக்குள் பஞ்சு அடைத்தவர்கள்தான், மேலே அலாரம் அடித்தால் கீழே கேட்கும் என்கிறார்கள்.

இன்னொரு சாட்டு, புகை மணத்தாலே முழிப்பு வந்துவிடும் என்பது. 2004இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிறிய ஆய்வுதான். நித்திரையில் இருந்தவர்களுக்கு பிரிடீன் என்ற குமட்டுகிற நாற்றத்தைக் காட்டினார்கள். ஆழ்ந்த நித்திரையில் அது அவர்களை எழுப்பவில்லை. ஒலி எழுப்பியது. கண்ணயரும் நேரத்தில் மணம் பிடிக்கிற மூக்கு, நித்திரை ஆழமானதும் காவல் இருப்பதில்லை. போதாததற்கு, புகையோடு வருகிற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது.

ஒன்ராறியோவின் தீப்பாதுகாப்புச் சட்டம் 2006 மார்ச்சிலிருந்தே வீட்டின் ஒவ்வொரு தளத்திலும், படுக்கும் இடங்களுக்கு வெளியேயும் வேலைசெய்கிற அலாரம் கேட்கிறது. பேஸ்மென்றும் ஒரு தளந்தான். புதுவீடு கட்டினால் ஒவ்வொரு படுக்கையறைக்குள்ளும் ஒன்று வேண்டும். ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும்படி இணைத்திருக்கவும் வேண்டும். பழைய வீட்டுக்காரர் "எனக்கு அந்த விதி இல்லை" என்று தப்பிக்கலாம். ஆனால் கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேசுகிற அலாரங்கள் கடையில் கிடக்கின்றன. கூரையை உடைக்கத் தேவையில்லை. பூட்டுவதும் பராமரிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. அதற்குத் தொப்பி போடுவது யார் செய்தாலும் குற்றம்.

கடுகுப் பிரச்சினை உண்மையானதுதான், மறுக்கவில்லை. அதற்கு ஒளியால் புகையை அறிகிற வகை இருக்கிறது. சமையலுக்கு மற்ற வகை அளவுக்கு அலறாது. சற்று நேரம் அடக்கிவைக்கப் பொத்தானும் உண்டு. அடுப்பிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பூட்டினால் பாதித் தொல்லை தீரும். பின்பக்கத்தில் உற்பத்தித் திகதியைப் பாருங்கள், 10 வருடம் தாண்டியிருந்தால் கழற்றி எறியுங்கள். இத்தனைக்கும் ஆகிற காசு ஒரு மாத வாடகையின் ஒரு மூலைக்குக் காணாது.

பதிவில்லாத பேஸ்மென்ற் என்பதால் வீட்டுக்காரருக்கு அதிகாரி வந்துவிடுவாரோ என்று பயம். வாடகைக்காரருக்கு அறை போய்விடுமோ என்று பயம். இருவரும் வாய் திறப்பதில்லை.

நானும் ஏழு மாதம் திறக்கவில்லை. ஒருநாள் கதிரையில் ஏறித் தொப்பியைக் கழற்றினேன். பொத்தானை அமத்தினேன், சத்தமில்லை. மூடியைத் திறந்தால் உள்ளே பற்றரியே இல்லை. கத்த வழியில்லாத அலாரத்துக்கு இவ்வளவு நாளும் தொப்பி. 9 வோல்ற் பற்றரி மேல்வீட்டுப் பிள்ளையின் விளையாட்டுக் கார் ரிமோற்றுக்குள் இருந்தது.