அவசரப் பையும் அதன் பங்காளிகளும்

வெள்ளியங்கிரிக்குக் கிளம்ப இன்னும் நான்கே நாள். பரண்மேல் கிடந்த சிவப்புப் பையை இறக்கித் திறந்து பார்த்தேன். தலையில் மாட்டும் டார்ச் இருக்கிறது. உள்ளே பேட்டரி இல்லை. டிவி ரிமோட்டுக்குக் குடிபோய்விட்டது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கு வைத்திருந்தேன், ஒன்றுகூட இல்லை. போன மாதம் அம்மாவுக்கு வயிறு சரியில்லாதபோது கரைத்துக் கொடுத்தார்களாம். சரி, அது நியாயமான செலவு. ஆனால் அந்த வெள்ளித்தாள் போர்வை? மச்சினன் மகளின் பிறந்தநாளுக்குச் சுவரில் ஒட்டி, மேலே பலூன் கட்டியிருக்கிறார்கள். போட்டோவில் குழந்தைக்குப் பின்னால் பளபளவென்று மின்னுகிறதே, அது அலங்காரம் இல்லை ஐயா, என் உயிர்.

விசில் மட்டும் பத்திரமாக இருந்தது. வீட்டில் அதற்குத் தேவையில்லை, குக்கர் இருக்கிறது.

"ஏனுங்க, சாமி மலைக்குப் போறதுக்கு எதுக்குங்க இத்தனை சாமான்?" என்றாள் மனைவி. பையிலிருந்து எடுப்பவர்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு எடுப்பதில்லை. வைக்கிறவனிடம் மட்டும்தான் கேட்கிறார்கள்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது 2022 பிப்ரவரியில். பாலக்காடு பக்கம், மலம்புழாவில் குரும்பாச்சி மலையில் ஓர் இளைஞன் வழுக்கி விழுந்து செங்குத்தான பாறையின் இடுக்கில் மாட்டிக்கொண்டான். நாற்பது மணி நேரத்துக்கு மேல் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. கடைசியில் ராணுவம் வந்து கயிறு போட்டு ஏற்றியது. இங்கிருந்து கூப்பிடு தூரம் அந்த மலை. டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு நாக்கு வறண்டது. வருஷத்துக்கு நாலு மலை ஏறுகிறவன் நான். என் பையில் அன்றைக்கு இருந்ததெல்லாம் ஒரு துண்டும் கடலைமிட்டாயும். மறுநாளே பை சேர்க்க ஆரம்பித்தேன். இன்றுவரை சேர்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். சேர்ந்தபாடில்லை.

முதல் தலைவலி, பட்டியல். யார் எழுதியதைப் பார்த்தாலும் அதற்குத் தாத்தா ஒரே பட்டியல்தான். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து 'மவுன்டெய்னியர்ஸ்' என்ற மலையேற்றச் சங்கம் 1930-களில் வகுத்தது. 1974-இல் அவர்களுடைய பாடநூலில் அச்சேறியது. வரைபடம், திசைகாட்டி, கறுப்புக்கண்ணாடி, மாற்றுடை, டார்ச், முதலுதவி, தீமூட்டப் பொருள், தீப்பெட்டி, கத்தி, கூடுதல் உணவு என்று பத்து. நல்ல பட்டியல்தான். ஆனால் அதில் தண்ணீர் இல்லை! 2003-இல் திருத்தி எழுதியபோதுதான் தண்ணீருக்கு இடம் கிடைத்தது. போகிற வழியெல்லாம் பனியும் ஓடையுமாக இருக்கிற ஊர்க்காரர்களுக்கு அது தோன்றாமல் போயிருக்கலாம். மாசி வெயிலில் மலையேறுகிறவனுக்குத் தண்ணீருக்குப் பிறகுதானே மற்ற பத்தும்?

இன்னொரு பட்டியலில் கரடியை விரட்டும் மிளகாய் ஸ்ப்ரே இருந்தது. அட்டைக்கு எதுவும் இல்லை. வால்பாறையில் ஒரு மழைநாள் நடந்துவிட்டு வந்து பட்டியல் எழுதியிருந்தால் தெரிந்திருக்கும். துணியில் உப்பை முடிந்து நனைத்து ஒரு குச்சியில் கட்டிக்கொள்வது எஸ்டேட் வேலைக்காரர்கள் சொல்லிக்கொடுத்த வித்தை. தொட்டதும் அட்டை சுருண்டு விழும். அதன் எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் சரக்கு உண்டு. விழுந்த பிறகும் ரத்தம் வடிந்துகொண்டே இருக்கும், அழுத்திக் கட்ட வேண்டும். இரண்டு ரூபாய் உப்பும் ஒரு முழத் துணியும். இதை எந்தக் கடையிலும் பெட்டியில் போட்டு விற்க மாட்டார்கள்.

விற்பது என்ன தெரியுமா? 'ஐம்பத்தொரு பொருள் அடங்கிய உயிர்காக்கும் பெட்டி.' ஆசைப்பட்டு ஒன்று வாங்கித் தொலைத்தேன். திறந்தால் தூண்டில் முள் ஆறு. வெள்ளியங்கிரியில் ஏழாவது மலை உச்சியில் எந்த மீனுக்குக் காத்திருப்பது? மனுஷன் சாப்பாடில்லாமல் வாரக்கணக்கில் தாக்குப்பிடிப்பான். தண்ணீர் இல்லாவிட்டால் மூன்று நாள் தாண்டுவது கஷ்டம். பெட்டியில் மீன் பிடிக்க வழி இருக்கிறது, தண்ணீர் பிடிக்க ஒரு குவளை இல்லை.

அதிலிருந்த திசைகாட்டியின் கதை தனி. முள் ஒரு பக்கம் சாய்ந்து அடித்தட்டில் உரசி நின்றுவிட்டது. மட்டமான சரக்கு என்று திட்டினேன். பிறகுதான் விஷயம் புரிந்தது. வட துருவத்துக்குக் கிட்டே இருக்கிற நாடுகளில் காந்த முள்ளின் வடமுனை கீழ்நோக்கி இழுபடும். அதைச் சரிக்கட்டத் தென்முனையில் கொஞ்சம் எடை சேர்த்துச் செய்வார்கள். நாம் இருப்பதோ காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில். அந்தக் கோடு அருகில் போகிறது என்றுதானே 1963-இல் திருவனந்தபுரத்துத் தும்பாவில் ராக்கெட் விட்டார்கள்! இங்கே முள்ளை வடக்கே இழுத்துக் கவிழ்க்க எதுவும் இல்லை. சேர்த்த எடைதான் தெற்கே கவிழ்க்கிறது. விஞ்ஞானிகள் ராக்கெட் விடத் தேடி வந்த இடத்தில், எனக்கு ஒரு திசைகாட்டி வேலை செய்யவில்லை. வேலை செய்தாலும் என்ன? அதோடு சேர்த்துப் பார்க்க வரைபடம் வேண்டும். ஒன்றுக்கு ஐம்பதாயிரம் அளவில் சர்வே ஆஃப் இந்தியா போட்ட தாள்களைச் சாதாரண ஜனங்களும் புழங்கலாம் என்று 2005-இல்தான் தனி வரிசை ஒன்று கொண்டுவரக் கொள்கை வகுத்தார்கள்.

சரி, ஒவ்வொன்றாக நானே வாங்கிக்கொள்கிறேன் என்று மருந்துக்கடைக்குப் போனேன். ஓ.ஆர்.எஸ். கேட்டால், பழப்படம் போட்ட அட்டைப்பெட்டிப் பானத்தை நீட்டினார்கள். உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், அதோடு பொட்டாசியம், சிட்ரேட். அந்தப் பெட்டியில் சர்க்கரை அதைப்போல் பல மடங்கு. வயிற்றுப்போக்குக்காரனுக்கு அதைக் கொடுத்தால் போக்கு கூடும். இந்த மாதிரிப் பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரையே போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் உத்தரவு போட்டது. அதுவரை நம்மைப் போன்றவர்கள் கடைக்காரரோடு சண்டை போட்டே தாகத்தைத் தணித்துக்கொண்டோம்.

அடுத்து குளோரின் மாத்திரை. "எத்தனை லிட்டர் டேங்குங்க?" என்றார். டேங்க் இல்லை, பாட்டில், ஒரு லிட்டர் என்றேன். ஒரு பார்வை பார்த்தார். கடைசியில் கிடைத்தது இருபது லிட்டருக்கான மாத்திரை. ஒன்றை இருபதாக உடைக்க நான் என்ன பொற்கொல்லனா? கலங்கல் தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது, முதலில் துணியை நாலாக மடித்து வடிகட்டு, மாத்திரை போட்டு அரை மணி நேரம் பொறு என்று படித்தபோது சிரிப்பு வந்தது. வேட்டித் துணியில் வடிகட்டும் பாதியை எங்கள் ஆத்தா எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல் செய்துகொண்டிருந்தாள்.

பாம்புக்கடிக்கு ரப்பர் பம்ப் ஒன்று விற்கிறார்கள். விஷத்தை உறிஞ்சி எடுக்குமாம். கடித்த இடத்தைக் கீறாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே என்று டாக்டர்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். செய்ய வேண்டியது, எலும்பு முறிந்த காலுக்குச் செய்வதுபோல் தட்டை வைத்து, அசையாமல் பார்த்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது. விஷமுறிவு மருந்தைப் பையில் வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அது பல குப்பிகள் தேவைப்படுகிற, ரத்தக்குழாய் வழியே ஏற்றுகிற மருந்து. ஏற்றும்போதே ஒவ்வாமை வந்து ஆளைச் சாய்க்கலாம், பக்கத்தில் டாக்டர் நிற்க வேண்டும். டாக்டரைப் பையில் வைக்க முடியுமா? ஆக, பாம்புக்கு என் பையில் இருப்பது ஒரு கிரேப் பேண்டேஜ். அதையும் போன வருஷம் மகன் கிரிக்கெட் மட்டைக் கைப்பிடிக்குச் சுற்றிவிட்டான்.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த பையோடு போன வருஷம் ஒரு மலையடிவாரச் சோதனைச்சாவடியில் நின்றேன். காவலர் ஜிப் உறைகளையெல்லாம் பிளாஸ்டிக் என்று ஒதுக்கினார். பேரீச்சம்பழத்தைக் காகிதப் பொட்டலத்துக்கு மாற்றினார். உரசித் தீ உண்டாக்கும் கம்பியைக் கையில் உருட்டிப் பார்த்து, "இது என்னங்க?" என்றார். விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது. அதுவும் போயிற்று.

கோபம் வந்தது. ஆனால் யோசித்தால், அவர் பக்கம்தான் நியாயம். 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களும் நம்மைப்போல் சனி, ஞாயிறு மலையேறப் போனவர்கள்தான். பனி நாட்டில் தீ உயிரைக் காக்கும். நம் கோடைக்காட்டில் அதுவே எமன். அங்கே, நனைந்த பருத்தித் துணி குளிரில் ஆளைக் கொன்றுவிடும், நைலானும் பாலியெஸ்டரும் போடு என்கிறார்கள். இங்கே தீ வந்தால் நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி மழைக்கு ஒரு சட்டை, பங்குனிக் காய்ச்சலுக்கு ஒரு சட்டை என்று பருவம் பார்த்துப் பையை மாற்ற வேண்டும். இதை எழுதிய பட்டியலும் இல்லை.

செயற்கைக்கோள் வழியாக ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று இருக்கிறது, உள்ளங்கை அளவு. டவரே இல்லாத காட்டிலும் வேலை செய்யும். வெளிநாட்டுப் பட்டியல்களில் இப்போது அதற்குத்தான் முதல் மரியாதை. நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அதை வைத்திருந்தால் குற்றம். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே மாட்டியிருக்கிறார்கள். மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் கையில் செயற்கைக்கோள் போன் இருந்த நாட்டில், அரசாங்கத்துக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் கால் பிசகிப் பள்ளத்தில் கிடக்கிறவன் யாரைக் கூப்பிடுவது? 112-ஐக் கூப்பிடலாம், ஏதாவது ஒரு கம்பெனியின் டவராவது எட்டினால்.

இப்படியெல்லாம் புலம்பியதைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்த அம்மா சொன்னாள்: "உங்கொப்பனெல்லாம் ஒரு துண்டு, ஒரு மூங்கில் தடி, மடியில கொஞ்சம் கருப்பட்டி. அவ்வளவுதான் கண்ணு. ஏழு மலையும் ஏறி இறங்கலியா?"

ஏறினார்தான். ஆனால் தனியாக ஏறவில்லை. ஊரிலிருந்து பதினைந்து பேர் ஒன்றாகக் கிளம்புவார்கள். முன்னால் போகிறவருக்கு எந்தச் சுனையில் எந்த மாசம் தண்ணீர் இருக்கும் என்று தெரியும். பின்னால் வருகிறவர் ஒவ்வொரு மலை முடிவிலும் தலையை எண்ணுவார். ஒருத்தன் குறைந்தால் எல்லாரும் உட்கார்ந்துவிடுவார்கள். அடிவாரத்தில் இறங்க நேரமானால் ஊரே தெருவில் நிற்கும். அப்பாவிடமும் அவசரப் பை இருந்தது. அதற்குக் கைகால் முளைத்திருந்தது, அவ்வளவுதான். மலம்புழாப் பையனும் பாறையிலிருந்து இறங்கியது பையில் இருந்த எதனாலும் இல்லை. கையில் இருந்த போனில் தகவல் சொல்ல முடிந்தது, கேட்டவர்கள் ஓடிவந்தார்கள்.

அந்த ஞானம் எனக்கு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுத்தான் போவேன்: எந்த மலை, எந்தப் பாதை, கூட யார், எத்தனை மணிக்குத் திரும்புவேன், எத்தனை மணி தாண்டினால் யாருக்குப் போன் போட வேண்டும். போன வருஷம் நான் சொன்ன நேரத்துக்கு ஐந்து மணி நேரம் கழித்து வந்தேன். வழியில் மழை. ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தாளைத் தேடினேன். திருப்பி ஒட்டி, பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதியிருந்தாள். இருபத்தெட்டாம் தேதி அரை லிட்டர் குறைவு என்பதுவரை துல்லியமாக இருந்தது. புருஷன் குறைவது மட்டும் கணக்கில் இல்லை.

இந்த முறை விடக் கூடாது என்று முடிவெடுத்தேன். பேட்டரி வாங்கினேன், பாக்கெட் ஓ.ஆர்.எஸ். வாங்கினேன், ஒரு லிட்டர் மாத்திரையைத் தேடிப் பிடித்தேன், புதுப் போர்வையை யார் கண்ணிலும் படாமல் பையின் அடியில் திணித்தேன். தாளின் இரண்டு பக்கமும் எழுதினேன். பிறகு கடைசி வேலை: வீட்டில் எல்லாருக்கும் ஆபத்துச் சைகையைச் சொல்லிக்கொடுப்பது. மலையில் டவர் இருக்காது, தொண்டை கத்தினால் வற்றிவிடும், விசில் அப்படியில்லை. விட்டுவிட்டு மூன்று முறை ஊதினால் 'காப்பாற்றுங்கள்' என்று அர்த்தம். ஹாலில் நின்றுகொண்டு, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து ஊதிக் காட்டினேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.

உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "அம்மிணீ, மூணு விசில் ஆயிருச்சு, அடுப்பை அணைச்சிரு!"

அன்றைக்குப் பருப்பு வேகவில்லை.