கொரிய இன்ஜினியருக்கு நெஞ்சு வலித்தால் அட்வான்ஸ் யார் கட்டுவது?

செவிலிமேடு பாலாற்றுப் பாலத்தில் காலை நேரத்தில் நின்று பார்த்தால் கம்பெனி பஸ்கள் இரண்டு பக்கமும் போவது தெரியும். தெற்கே போனால் செய்யாறு சிப்காட். தைவான் குழுமம் ஒன்றின் ஷூ தொழிற்சாலை அங்கே இருக்கிறது. வடக்கே காஞ்சிபுரத்தைத் தாண்டினால் சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்குப் பிறகு கொரிய, ஜப்பானிய, தைவான் கம்பெனிகள் வரிசையாக வந்தன. முன்பெல்லாம் வெளிநாட்டுக்காரர் என்றால் கோயில் பார்க்கவும் பட்டுப் புடவை எடுக்கவும் வந்தவர். இப்போது வருகிறவர் இரண்டு வருஷம், மூன்று வருஷம் இங்கேயே தங்கி வேலை பார்க்கிறார். குடும்பத்தோடு வருகிறவர்களும் உண்டு.

அப்படி வந்தவருக்கு இங்கே உடம்பு சரியில்லாமல் போனால் என்ன நடக்கும்?

இது அவர் கவலை மட்டும்தானே என்று தோன்றலாம். ஆனால் நடுராத்திரியில் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது யார்? பெரும்பாலும் அதே கம்பெனியில் வேலை செய்கிற நம்ம ஊர்ப் பையனோ பெண்ணோதான். ஹெச்.ஆர். ஜூனியர், மொழிபெயர்ப்பாளர், டிரைவர் அண்ணன். "அட்மிஷன் போடணும், அட்வான்ஸ் கட்டுங்க" என்று கவுன்ட்டரில் சொல்லும்போது, அந்த நேரத்தில் யார் கையில் கார்டு இருக்கிறதோ அவர் அதைத் தேய்க்கிறார். கொரியரின் பாலிசி எண் சியோலில் யாரோ ஒருவரின் மெயிலில் இருக்கும்.

விபத்து என்றால் வேறு கதை

ஆறுதலான விஷயத்தில் இருந்தே தொடங்கலாம். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அதே இன்ஜினியர் வந்த கார் லாரியில் மோதியது என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் எந்த இன்சூரன்ஸும் இல்லாவிட்டாலும் முதல் இரண்டு நாள் சிகிச்சைக்கு வழி இருக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கும் எவருக்கும் முதல் 48 மணி நேர சிகிச்சையைக் கட்டணமில்லாமல் தருகிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, வருமானம் எவ்வளவு, எந்த மாநிலம், எந்த நாடு என்ற கேள்விகளே கிடையாது. வேற்று நாட்டவரும் இதில் சேர்த்தி என்று அறிவிப்பிலேயே இருக்கிறது. தொடங்கும்போது வைத்த உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். பட்டியலில் அரசு மருத்துவமனைகளைவிட தனியார் மருத்துவமனைகளே அதிகம். (அந்த நெடுஞ்சாலையின் எண்ணும் 48-தான், தற்செயலாக.)

மத்திய அரசும் 2025 மே மாதம் இதேபோன்ற ஒரு திட்டத்தை அறிவித்தது. விபத்து நடந்த நாளில் இருந்து ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம்.

ஆனால் 49-வது மணி நேரம் என்ற ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டுத் திட்டத்தில் 48 மணி நேரம் முடிந்ததும் பாதை பிரிகிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர் அந்தத் திட்டத்தின் கீழ் சிகிச்சையைத் தொடரலாம். மற்றவர்களுக்கு மூன்று வழி: அரசு மருத்துவமனைக்கு மாறுவது, சொந்தப் பணத்தில் தொடர்வது, தனியார் இன்சூரன்ஸைக் காட்டுவது.

நெஞ்சு வலி, டெங்கு, குடல்வால், பிரசவம் எதற்கும் இந்த 48 மணி நேரமே கிடையாது. திட்டம் சாலை விபத்துக்கு மட்டும். 108 ஆம்புலன்ஸ் வரும், காசு கேட்காது, பாஸ்போர்ட்டும் கேட்காது. அவசர சிகிச்சை தர வேண்டியது அரசு, தனியார் என்ற வேறுபாடில்லாமல் எல்லா மருத்துவர்களின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. உயிர்வாழும் உரிமை தரும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு 'எந்த நபருக்கும்' என்கிறது, குடிமகன் என்று சொல்லவில்லை. ஆக, வாசலில் திருப்பி அனுப்பக் கூடாது. ஆனால் உள்ளே போன பிறகு வரும் பில்லை யார் கட்டுவது என்பதற்கு இந்தத் தீர்ப்புகளில் பதில் இல்லை.

சொந்த நாட்டு இன்சூரன்ஸ் கைகொடுக்காதா?

கொரியா, ஜப்பான், தைவான் மூன்றிலும் எல்லோருக்குமான தேசிய மருத்துவக் காப்பீடு இருக்கிறது. அதனால் "அவங்களுக்கு எல்லாம் கவர் ஆகியிருக்கும்" என்று இங்கே நாம் நினைத்துக்கொள்கிறோம். நடப்பு அப்படி இல்லை. கொரியத் தேசியக் காப்பீட்டின் பலன், ஆள் வெளிநாட்டில் இருக்கும் காலத்தில் நிறுத்திவைக்கப்படும். ஜப்பானில், இங்கே முழுப் பணத்தையும் கட்டிவிட்டு ரசீதோடு அங்கே விண்ணப்பிக்கலாம். ஆனால் திரும்பக் கிடைப்பது ஜப்பானில் அதே சிகிச்சைக்கு ஆகும் செலவின் கணக்குப்படிதான். தைவான், அவசர சிகிச்சைக்கு மட்டும் ஓர் உச்சவரம்புக்குள் திருப்பித் தருகிறது. மூன்றிலுமே காஞ்சிபுரத்து கவுன்ட்டரில் நிற்கும் நேரத்தில் உதவி கிடையாது.

அடுத்து டிராவல் இன்சூரன்ஸ். பலர் அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அது பயணத்துக்கானது. திடீர் அவசரத்தைச் சமாளித்து ஆளை ஊருக்கு அனுப்பிவைப்பதுதான் அதன் வேலை. சர்க்கரைக்கு மாதாமாதம் மருந்து, ரத்த அழுத்தம், குழந்தைக்குத் தடுப்பூசி, மனைவியின் பிரசவம் என்று இரண்டு வருஷ வாழ்க்கையில் வருவதெல்லாம் பொதுவாக அதில் அடங்காது.

மிச்சம் இருப்பது இரண்டு வகை. ஒன்று, வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கென்றே விற்கப்படும் சர்வதேச மருத்துவ பாலிசி. அதில் தொகை பெரிது, கேஷ்லெஸ் நெட்வொர்க் பெரும்பாலும் பெருநகர மருத்துவமனைகளோடு நின்றுவிடும். காஞ்சிபுரத்தில் இருந்து சென்னை 75 கிலோமீட்டர். நெஞ்சு வலியோடு போக அது ரொம்ப தூரம். இன்னொன்று, இந்தியக் கிளையின் ஊழியர்களுக்கான குரூப் மெடிக்ளெய்மில் வெளிநாட்டவரையும் சேர்ப்பது. இங்குள்ள மருத்துவமனைகளுக்குப் பழகிய கார்டு அது, டி.பி.ஏ. டெஸ்க்கில் உடனே வேலை நடக்கும். ஆனால் இந்தியாவைத் தாண்டினால் பொதுவாகச் செல்லாது. இரண்டும் இருந்தால்தான் தூங்கலாம். பெரிய கம்பெனிகள் இரண்டையும் தரலாம். அவர்களுக்கு உதிரிபாகம் செய்து தரும் சின்ன கம்பெனியில், மெஷின் பொருத்த மூன்று மாதம் வந்த டெக்னீஷியனுக்கு?

சம்பளத்தைக் கேட்கும் விசா, காப்பீட்டைக் கேட்பதில்லை

இந்தியாவில் வேலை பார்க்க எம்ப்ளாய்மென்ட் விசா வாங்க வேண்டுமானால், சில விலக்குகள் தவிர, ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். 180 நாளைத் தாண்டும் விசா என்றால் வந்த 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் பதிய வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம், வெளிநாட்டவரை உள்நோயாளியாகச் சேர்க்கும் மருத்துவமனை அந்தத் தகவலை அரசுக்குத் தர வேண்டும் என்கிறது. கொரியாவோடும் ஜப்பானோடும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தங்களும் இருக்கின்றன. அவை ஓய்வூதியம், பி.எஃப். சங்கதி. மருத்துவச் செலவைத் தொடாதவை.

அதாவது, படுக்கையில் ஒரு வெளிநாட்டவர் இருக்கிறார் என்பது அரசுக்குத் தெரிந்தாக வேண்டும். அந்தப் படுக்கைக்கு யார் பணம் கட்டுவார் என்பது தெரிய வேண்டியதில்லை! இ.எஸ்.ஐ.யும் இங்கே உதவாது. மாதம் 21,000 ரூபாய் என்பது அதன் சம்பள வரம்பு. விசா கேட்கும் சம்பளமே அதைப் பல மடங்கு தாண்டிவிடும்.

நம்ம ஆட்கள் வெளியே போகும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். துபாயில் 2013-லேயே சட்டம் வந்தது. 2025 ஜனவரி 1 முதல் ஐக்கிய அரபு அமீரகம் முழுக்க, தனியார் நிறுவனத் தொழிலாளிக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் முதலாளி காப்பீடு எடுத்தால்தான் ரெசிடென்ஸ் பெர்மிட். அடிப்படை பாலிசி ஆண்டுக்கு 320 திர்ஹாம். சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு முதலாளி எடுக்க வேண்டிய காப்பீடு 2023 ஜூலையில் 15,000 சிங்கப்பூர் டாலரில் இருந்து 60,000 ஆக உயர்ந்தது. (எம்ப்ளாய்மென்ட் பாஸில் போகிற ஐ.டி. நண்பர்கள் கவனிக்க: இந்தக் கட்டாயம் உங்களுக்குக் கிடையாது. ஆஃபர் லெட்டரில் மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.)

காஞ்சிபுரத்தில் இருந்து ஷார்ஜாவுக்குப் போகும் எலெக்ட்ரீஷியனுக்கு அந்த நாடு முதலாளியிடம் கேட்கும் ஒரு காகிதத்தை, சியோலில் இருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு வருகிறவருக்காக இந்தியா கேட்பதில்லை. எம்ப்ளாய்மென்ட் விசா விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: 'இந்தியாவில் செல்லும் மருத்துவக் காப்பீடு, விசா காலம் முழுவதற்கும்.' பிரீமியம் கம்பெனியின் பொறுப்பு. 16.25 லட்சம் சம்பளம் தரும் கம்பெனிக்கு இது ஒரு செலவே இல்லை.

பணக்கார வெளிநாட்டவர் மட்டும்தானா?

இந்த விஷயத்தைப் பேசும்போது 'எக்ஸ்பாட்' என்ற வார்த்தை கண்ணை மறைக்கிறது. அந்த வார்த்தையைக் கேட்டதும் கொரிய ஓட்டலில் சாப்பிடும் மேனேஜர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். ஓட்டல் சமையலறையிலும் ராத்திரி வாட்ச்மேன் வேலையிலும் இருக்கும் நேபாளியும் சட்டப்படி வெளிநாட்டவர்தான். 1950 ஒப்பந்தப்படி அவருக்கு விசா வேண்டாம். ஆகவே விசாவில் எந்த நிபந்தனை சேர்த்தாலும் அது அவரைத் தொடாது. முதலாளி இ.எஸ்.ஐ.யில் பதிந்திருந்தால் பிழைத்தார். பதியாவிட்டால் அவருக்கு அரசு மருத்துவமனை ஒன்றுதான் வழி.

பிகார், ஜார்க்கண்டில் இருந்து வரும் தொழிலாளியின் நிலைமை சட்டத்தில் இதைவிட எவ்வளவோ மேல். ஆயுஷ்மான் பாரத் அட்டை இருந்தால் தமிழ்நாட்டில் பட்டியலிடப்பட்ட மருத்துவமனையிலும் செல்லும். 21,000-க்குள் சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. உண்டு. அவர் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். ஆறு மாதத்துக்கு மேல் இங்கே இருப்பதாகத் தொழிலாளர் துறை சான்று தந்தால் முதலமைச்சர் காப்பீட்டிலும் சேரலாம், வருமான வரம்பு இல்லாமல். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அந்தத் திட்டம் திறந்திருக்கிறது. குடியுரிமை இல்லாதவருக்கும் காப்பீட்டு அட்டை தர முடியும் என்று தமிழ்நாடு ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது. சொல்லப்போனால், வழி தெரியாமல் வந்த ராமானுஜர் வேடர் தம்பதிக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்ததாகச் சொல்லப்படும் சாலைக் கிணறு செவிலிமேட்டில்தான் இருக்கிறது. ஊர் பெயரிலேயே செவிலி வேறு.

பிரச்சினை அட்டை கைக்கு வருவதில். கான்ட்ராக்டர் பதியவில்லை என்றால் இ.எஸ்.ஐ. இல்லை. ஆறு மாதச் சான்றுக்கு எங்கே போக வேண்டும் என்று தொழிலாளிக்கு யாரும் அவர் மொழியில் சொல்வதில்லை. அதே சான்று முறையை நேபாளத் தொழிலாளிக்கும் வெளிப்படையாகத் திறந்துவிடலாம். மாநில அரசு ஓர் ஆணையில் செய்துவிடக்கூடிய வேலை அது.

விசா விதி மாறும் வரை

கம்பெனியில் வெளிநாட்டு சகா இருந்தால், குறிப்பாக நீங்கள் ஹெச்.ஆரில் இருந்தால், விதி மாறும் வரை காத்திருக்க வேண்டாம். பாலிசியின் கேஷ்லெஸ் பட்டியலில் காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு மருத்துவமனையாவது இருக்கிறதா என்று பாருங்கள். சென்னை மட்டும் இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்பதைச் சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பாலிசியில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கொரியப் பெயர்களில் எது முன்னால், எது பின்னால் என்ற குழப்பமே ஒரு க்ளெய்மை நாள்கணக்கில் இழுத்துவிடும். வெளிநாட்டு நோயாளிகளுக்குத் தனி விலைப்பட்டியல் வைத்திருக்கும் தனியார் மருத்துவமனைகள் உண்டு என்பதால், எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். நோயாளியை ஊருக்குக் கொண்டுபோகும் செலவும், மோசமான நிலையில் உடலைக் கொண்டுபோகும் செலவும் பாலிசியில் இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இன்சூரன்ஸ் கம்பெனியின் 24 மணி நேர உதவி எண், பாலிசி எண், ரத்த வகை, அலர்ஜி, சாப்பிடும் மருந்து. இவ்வளவையும் தமிழிலும் எழுதி, அந்த சகாவின் போனில் ஒன்று, டிரைவர் போனில் ஒன்று, உங்கள் போனில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸுக்குக் கம்பெனி கார்டு யார் கையில் இருக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு அவர் போனை எடுப்பாரா என்பதை இன்றைக்கே மேனேஜரிடம் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வையுங்கள்.