மூளை அலையும் மனத்தின் நிலையும்

சென்ற குளிர்காலத்தில் ஒரு மாலை, நம் சங்கப் படிப்பகத்துக்கு அன்பர் ஒருவர் முகமலர்ச்சியுடன் வந்தார். கல்லூரியில் பயிலும் அவர் புதல்வன் சில மாதங்களாக உறக்கமின்றி, எவருடனும் பேசாமல் அறைக்குள்ளேயே அடைந்து கிடந்ததை நாம் அறிவோம். "மூளை அலைப் பரிசோதனை செய்தாயிற்று, ஐயா. குறை ஒன்றும் இல்லை என்று எழுதித் தந்துவிட்டார்கள். இனி டாக்டர் எதற்கு?" என்றார். அம்மகிழ்ச்சியில் நம்மால் பங்குகொள்ள இயலவில்லை. அதன் காரணத்தை நேயர்கள் யாவரும் அறிதல் நலம்.

இ.இ.ஜி. என வழங்கும் இப்பரிசோதனையைக் கண்டவர் மனநோய் மருத்துவர் ஒருவரே. ஜெர்மனியின் ஜேனா நகரில் பணிபுரிந்த ஹான்ஸ் பெர்கர், மனித மூளையின் மின்னலைகளை 1924-ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். மனத்தின் ஆற்றலையே அளந்துவிட வேண்டும் என்பது அவர் அவா. அது இன்றளவும் நிறைவேறவில்லை.

தலையில் சுமார் இருபது மின்வாய்களை ஒட்டிப் பதிவு செய்வர். வலி இல்லை; உள்ளே மின்சாரம் செலுத்துவதும் இல்லை. மூளையில் இயல்பாக எழும் மிக நுண்ணிய மின்னலைகளே கோடுகளாக விழுகின்றன.

இதனால் விளையும் நன்மை பெரிது. வகுப்பில் அடிக்கடி சில நொடிகள் வெறித்து நோக்கும் சிறுவனைக் கவனமில்லாதவன் எனக் கடிந்துகொள்கிறோம். அவனது பதிவில் நொடிக்கு மூன்று வீதம் கூரிய அலைகள் தோன்றினால், அது வலிப்பு நோயின் ஒரு வகை. மூளை அழற்சியும் சில வேளைகளில் மனநோய் போலவே தோற்றமளிக்கும். இவற்றைப் பிரித்தறிய இப்பரிசோதனை துணைபுரிகிறது.

ஆயினும், மனச்சோர்வு உண்டா, மனச்சிதைவு உண்டா என்று இக்கோடுகளை மட்டும் கொண்டு உறுதி கூற இயலாது. இல்லையென்று மறுக்கவும் இயலாது. சிறுவர்களின் கவனக்குறைவு நோய்க்கென இத்தகைய கருவி ஒன்றுக்கு அமெரிக்க அரசு 2013-இல் இசைவளித்தபோதும், மருத்துவர் ஆய்வுக்குத் துணையாக மட்டுமே அளித்தது. மனநோயை அறியும் முதன்மையான வழி, நோயாளியும் வீட்டாரும் கூறுவதைப் பொறுமையுடன் கேட்டலேயாகும்.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இடர்ப்பாடு இங்கேதான். மறுவாரம் அவர்களுடன் மருத்துவமனைக்கு நாமும் சென்றோம். இருபதாண்டுகளாக இந்தி பேசும் தந்தைக்குக் கடைக்கும் அலுவலகத்துக்கும் வேண்டிய சொற்கள் இருந்தன. மகனின் துயரைச் சொல்லச் சொல் இல்லை. எல்லாவற்றுக்கும் "டீக் ஹை" என்றார். அதுவரை வாய் திறவாத தாயார் தமிழில் சொன்னார்: "யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறான்." நாம் அதனை மொழிபெயர்த்துரைத்தோம். மருத்துவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். சிகிச்சை அன்றே தொடங்கிற்று. பெற்றோரும் மகனும் இசைந்ததனாலேயே இதனை எழுதுகிறோம்.

அரசின் டெலி மானஸ் சேவையில், 14416 என்னும் எண்ணில், கட்டணமின்றித் தமிழிலும் ஆலோசனை பெறலாம். மருத்துவமனைக்கு மொழித்துணை வேண்டுவோர் தயங்காமல் சங்கத்துக்குச் சொல்லி அனுப்புக; உடன் வருவோம். கேட்டது எதுவும் நம் வாயிலிருந்து வெளிவராது.