ஒரே ஊசிக்கு இரண்டு நீதி

நீண்டகாலம் செயற்படும் கபோடெக்ராவிர் ஊசிமருந்தை எச்.ஐ.வி சிகிச்சைக்காகவும் பிற நிறுவனங்கள் மலிவாகத் தயாரிப்பதற்கான உரிமம் 2025 யூலையில் வழங்கப்பட்டதைப் பலரும் பாராட்டினர். ஆயினும் 2022 யூலையில் அதே மருந்தின் உரிமத்தைத் தொற்றில்லாதோருக்கான தடுப்பு மருந்து என்ற அளவில் சுருக்கி, தொற்றுக்குள்ளானோரை மூன்று ஆண்டுகள் வாசலில் நிறுத்திய முடிவு அந்தப் பாராட்டுக்குள் மறைந்துவிடலாகாது.

இந்த ஊசிமருந்து நனோத் துகள்களாலானது. நனோ என்றதும் 2021 இல் இந்தியாவிலிருந்து விமானத்தில் வந்திறங்கிய திரவ உரமே வன்னி விவசாயிக்கு நினைவுக்கு வரும்; இது வேறு. நீரில் எளிதிற் கரையாத மருந்தை ஏறத்தாழ 200 நனோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரின் ஐயாயிரத்திலொரு பங்கு, அளவான துகள்களாக அரைத்துத் தசையில் ஏற்றினால், அது அங்கேயே தங்கி மெல்ல மெல்லக் கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. ரில்பிவிரின் என்னும் இன்னோர் ஊசியுடன் இரண்டு மாதங்களுக்கொருமுறை இதனைப் பெறுபவருக்குத் தினக் குளிசை தேவையில்லை. பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலுள்ள உடையார்கட்டைப் போன்ற, எவர் வீட்டுக்கு எவர் வந்தாலும் ஊரே அறியும் இடங்களில், லேபல் கிழித்த குளிசைப் போத்தலை அலுமாரியின் துணிகளுக்கடியில் ஒளித்துவைக்க வேண்டியிராத வாழ்வு எத்தகைய விடுதலை என்பதை விளக்கத் தேவையில்லை.

தடுப்புக்கும் சிகிச்சைக்கும் இரண்டு மாதங்களுக்கொருமுறை ஏற்றப்படுவது அதே 600 மில்லிகிராம் கபோடெக்ராவிர்தான். மருந்து ஒன்று, அளவு ஒன்று. தொற்றில்லாதவருக்கு மலிவாகக் கிடைக்கலாம், தொற்றுள்ளவருக்குக் கிடைக்கலாகாது என்று வகுத்தது மருத்துவமன்று, வணிகம். ரில்பிவிரினை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டியிருப்பதைத் தடையாகக் காட்டுவோர், குழந்தைகளுக்கான தடுப்பூசிகள் அதே குளிரிலேயே கிராமங்கள்வரை வந்துசேர்வதை அறியாதவர்களா?

உரிமத்தை இவ்வாறு சுருக்கிய மருந்து உரிமையாளர்களின் வழிமுறை புதிதன்று. 1987 இல் முதலாவது எச்.ஐ.வி மருந்துக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 10,000 டொலர் விலை வைத்த மரபில் வந்தவர்களே, மலிவு மருந்துக்கு வழிதிறந்த தென்னாபிரிக்கச் சட்டத்தை எதிர்த்து 1998 இல் நீதிமன்றம் சென்ற நிறுவனங்களின் வரிசையிலும் நின்றனர். 2001 பெப்ரவரியில் இந்தியாவின் சிப்லா மூன்று மருந்துகளின் கூட்டை ஆண்டுக்கு 350 டொலருக்குத் தர முன்வந்து அவர்களின் விலைக்கணக்கை அம்பலமாக்கிய பின்னரும் வழக்கைக் கைவிடவில்லை. உலகம் காறித் துப்பிய பின்பே, ஏப்பிரலில் பின்வாங்கினர். ஒவ்வொரு முறையும் தாமதித்து, இறுதியில் கொடுத்ததைக் கொடையென்று சொல்லிக்கொள்வதே இவர்களின் வழக்கம்.

உரிமம் ஏட்டிலிருந்து வைத்தியசாலைக்கு வந்துசேர இனியும் ஆண்டுகள் கழியக்கூடாது. சுகாதார அமைச்சும் உரியோர் அனைவரும் இதற்கான அழுத்தத்தை இப்போதே கொடுக்க வேண்டும். இழந்த மூன்று ஆண்டுகளுக்கு உரிமையாளர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும்.