உடைக்கப்பட்ட கணினிகள்: யாருக்கான இணையப் பாதுகாப்பு?

நாட்டின் இணையப் பாதுகாப்புக்காகக் குடிமக்கள் தம் அந்தரங்கத்தைச் சற்று விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்கிறது அரசுத் தரப்பு. இவ்வாதத்தை உரசிப் பார்க்கப் பீமா கோரேகான் வழக்கே போதும்.

கோரேகான் போரின் 200ஆம் ஆண்டை நினைவுகூர 2018 சனவரி 1 அன்று திரண்ட தலித் மக்கள் தாக்கப்பட்டனர். அதையொட்டிய வழக்கில் ஊபா சட்டத்தின்கீழ்ச் சிறையிலடைக்கப்பட்டவர்களோ, பேராசிரியர் ஆனந்த் டெல்டும்டே உள்ளிட்ட அறிவாளர்களும் வழக்குரைஞர்களும் கலைஞர்களுமாக 16 பேர். கணினிகளில் கிடைத்த கடிதங்களே முதன்மைச் சான்று. அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்சனல் கன்சல்டிங், 2021 பிப்ரவரியில் வேறொன்றைச் சொன்னது: ரோனா வில்சனின் கணினிக்குள் 2016லேயே நெட்வயர் என்னும் உளவு மென்பொருள் புகுத்தப்பட்டது, 22 மாதங்கள் அது வேற்றார் பிடியில் இருந்தது, கடிதங்கள் அவரறியாமல் உள்ளே வைக்கப்பட்டன. நாக்பூரின் தலித் வழக்குரைஞர் சுரேந்திர காட்லிங், சிறைவாசியாகவே மறைந்த திருச்சி மண்ணின் ஸ்டேன் சுவாமி ஆகியோரின் கணினிகளைப் பற்றியும் அந்நிறுவனம் இவ்வாறே அறிக்கையளித்தது. தேசியப் புலனாய்வு முகமை இவற்றை ஏற்கவில்லை. சான்றின் தகுதியை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். கணினிகளை உடைத்தவர் யார் என்று தேடுவது எவர் பொறுப்பு?

இணையத் தாக்குதல்களைக் கையாளச் சட்டப்படி அமைந்த தேசிய அமைப்பு செர்ட்-இன். தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும் என்று 2022 ஏப்ரலில் ஆணையிட்டது அதுதான். குடிமக்களிடம் இத்தனை கணக்குக் கேட்கும் அமைப்பு, 2023 நவம்பரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரம்பிலிருந்தே விலக்கப்பட்டது. மனித உரிமை மீறல், ஊழல் குறித்த தகவலை மட்டும் சட்டப்படி இன்னும் கேட்கலாம். அந்தச் சிறு வாயிலையாவது நாம் பயன்படுத்தியாகவேண்டும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை, அதில் தலையிடச் சட்டமும் தேவையும் அளவும் வேண்டும் என்று 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அளவைப் பார்ப்பவர் யார்? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்கீழ் எந்தக் கணினியையும் கண்காணிக்க 2018 டிசம்பரில் 10 முகமைகளுக்கு அதிகாரம் தரப்பட்டது. அனுமதிப்பவர் உள்துறைச் செயலாளர். அதைச் சீராய்வோரும் செயலாளர்களே. நீதிபதி எங்குமில்லை. கண்காணிக்கப்பட்டவருக்குப் பின்னரேனும் தெரிவிக்கவேண்டும் என்ற கடமையும் இல்லை. தமக்குத் தெரியாத ஆணையை எதிர்த்து எவர்தான் வழக்குத் தொடுக்க முடியும்?